கடன்பத்திரத்துக்குப் பிணை வாடிக்கையாளர்தான்

மென்பொருள் நிறுவனம் ஒன்று வெளிநாட்டில் மாற்றத்தக்க கடன்பத்திரம் வெளியிடப் போகிறது என்றதும் சிறு முதலீட்டாளரின் கண் முதலில் போவது மாற்று விலையின் மீது. சந்தையில் 200 ரூபாய்க்குக் கிடைக்கும் பங்கை 280 ரூபாய்க்கு வாங்க வெளிநாட்டுக்காரர் சம்மதித்துவிட்டார், ஆகவே விலை அங்கே போய்த்தான் நிற்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். அவர் அப்படிச் சம்மதிக்கவே இல்லை. விலை 280-ஐத் தாண்டினால் பங்காக எடுத்துக்கொள்கிறேன், தாண்டாவிட்டால் என் பணத்தை டாலரில் எண்ணி வை என்பதுதான் ஒப்பந்தம். அந்த இரண்டாவது நிலை வந்தால் பணம் எங்கிருந்து வரும்? ஆலையோ நிலமோ பெரிதாக இல்லாத மென்பொருள் நிறுவனத்துக்கு, மாதாமாதம் பில் கட்டும் வாடிக்கையாளர்களை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. அந்தப் பட்டியலைப் படிக்காமல் பத்திரத்தை எடைபோட முடியாது.

2005 முதல் 2007 வரை நம் நடுத்தர நிறுவனங்கள் பல இந்தப் பத்திரங்களை வெளியிட்டுப் பணம் திரட்டின. பெரும்பாலும் ஐந்தாண்டுக் கெடு. பலவற்றில் ஆண்டு வட்டி கிடையாது, முடிவில் ஒரு பிரீமியம் சேர்த்துத் திருப்ப வேண்டும். 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ் அக்டோபரில் 8,000-க்குக் கீழே விழுந்தது. 40 ரூபாய்க்குக் கீழே இருந்த டாலர், 2012 நடுவில் 55-ஐத் தாண்டியது. கணக்குக்காக 10 கோடி டாலர் கடன் என்று வைத்துக்கொள்வோம். வாங்கியபோது கையில் வந்தது 400 கோடி ரூபாய். 40 சதவீதப் பிரீமியத்தோடு டாலர் 55-இல் திருப்பினால் 770 கோடி. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பிரீமியத்தைப் பங்குப் பிரீமியக் கணக்கில் கழித்துக்கொள்ளப் பழைய கம்பெனிச் சட்டம் இடம் கொடுத்தது. ஐந்து ஆண்டும் லாப நட்டக் கணக்கு பளிச்சென்று இருந்தது. காலாண்டு லாபத்தை மட்டும் பார்த்தவர்களுக்குக் கடன் வளர்ந்ததே தெரியவில்லை.

மென்பொருள் நிறுவனம் டாலரில்தானே சம்பாதிக்கிறது, ரூபாய் சரிந்தால் அதற்கென்ன என்று கேட்பவர்கள் உண்டு. பாதி நியாயம்தான். கடனை அடைப்பது வருமானம் அல்ல, அமெரிக்காவில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களின் சம்பளமும் மற்றச் செலவும் போக மிஞ்சும் டாலர். அதைவிடப் பெரிய சிக்கல், எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் சாத்திக்கொள்வது. நிறுவனத்தின் பெரிய வாடிக்கையாளர்கள் நான்கைந்து வங்கிகள் என்றால், நெருக்கடி வரும்போது அவர்கள்தான் முதலில் ஒப்பந்தத்தைச் சுருக்குவார்கள். வருமானம் குறையும், அதனால் பங்கு விழும், விழுந்த பங்கை எவரும் மாற்றிக்கொள்ள மாட்டார்கள், புதுக்கடன் தரவும் ஆள் இருக்காது. வாடிக்கையாளர் நிலைத்திருக்கும்போது பங்காக மாறிவிடும் பத்திரம், அவர்கள் விலகும்போதுதான் கடனாகவே நின்றுவிடுகிறது. மழை பெய்யும்போது மட்டும் ஒழுகும் கூரை மாதிரி.

வாடிக்கையாளரைப் பற்றிய தகவல் கிடைக்காத ஒன்றல்ல. முதல் ஐந்து, முதல் பத்து வாடிக்கையாளரிடமிருந்து வருமானத்தில் எத்தனை சதவீதம் வருகிறது என்பதைப் பல நிறுவனங்கள் காலாண்டுதோறும் தருகின்றன. ஒரே வாடிக்கையாளர் வருமானத்தில் 10 சதவீதமோ அதற்கு மேலோ தந்தால், பெயரைச் சொல்லாவிட்டாலும் தொகையைச் சொல்லியாக வேண்டும் என்பது கணக்கியல் விதி. ஆண்டறிக்கையின் பின்பக்கக் குறிப்புகளில் அது இருக்கும். வரவேண்டிய பாக்கியும் இன்னும் பில் போடாத வருமானமும் விற்பனையைவிட வேகமாக வளர்ந்தால், வாடிக்கையாளர் காகிதத்தில்தான் நன்றாக இருக்கிறார் என்று சந்தேகப்படலாம். பத்திரப் பணத்தில் வெளிநாட்டு நிறுவனத்தை வாங்கி அதன் வாடிக்கையாளர்களைச் சேர்த்திருந்தால் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். விலைக்கு வாங்கிய உறவு, பழைய நிர்வாகி விலகும் நாளில் கூடவே போய்விடக்கூடும்.

மாற்றத்தக்க பத்திரம் மலிவான மூலதனம், வளரும் நிறுவனத்துக்கு அதை மறுக்கலாமா என்ற வாதமும் இருக்கிறது, இருக்கட்டும். என்னை உறுத்துவது வேறு. எல்லாம் நல்லபடியாக நடந்து பத்திரம் பங்காக மாறினாலும், ஏற்கெனவே 5 கோடிப் பங்கு உள்ள நிறுவனத்தில் அந்த 400 கோடி ரூபாய், 280 விலையில், இன்னும் 1.43 கோடிப் பங்கைக் கொண்டுவந்து சேர்க்கும். பழைய பங்குதாரரின் உரிமை ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறையும். அந்தப் பாதிப்பைக் காட்டத்தான் 'நீர்த்த' பங்கொன்றுக்கான லாபம் என்று தனியாக ஒரு வரி போடுகிறார்கள். ஆனால் நிறுவனம் நட்டத்தில் இருந்தால், மாறக்கூடிய பங்குகளை அந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பதே விதி. சேர்த்தால் பங்கொன்றுக்கான நட்டம் குறைந்து தெரியும் என்பது காரணம். விளைவு, எந்த நிறுவனத்தில் எச்சரிக்கை அதிகம் தேவையோ அங்கே இரண்டு வரியிலும் ஒரே எண் அச்சாகிறது. இத்தனைக்கும் வெளியீட்டுக்குப் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும். எதிர்ப்பு வாக்குகளைப்போல ஆதரவு மூன்று மடங்காவது இருக்க வேண்டும். வீட்டிலிருந்தே மின்வாக்கும் அளிக்கலாம். ஆனால் அனுமதி கேட்கும் அந்த நோட்டீஸில் பெரும்பாலும் உச்சத் தொகை மட்டும்தான் இருக்கும். மாற்று விலையும் பிரீமியமும், விலை விழுந்தால் மாற்று விலையைக் குறைத்துக்கொள்ளும் ஷரத்தும் முடிவாவது, வாக்குப்பதிவு முடிந்த பிறகு.