முரட்டுக் கறியும் மூன்றரை மணி நேரமும்

மாடு நாள் முழுக்க நிற்கிறது, நடக்கிறது, தலையைத் தாழ்த்தி மேய்கிறது. அந்தப் பாரமெல்லாம் தோளிலும் கழுத்திலும்தான் விழுகிறது. அதனால் அங்கே தசை முறுக்கேறியிருக்கும். தசையிழைகளைக் கட்டிவைக்கும் இணைப்புத் திசுவும் தடித்திருக்கும். முதுகெலும்பை ஒட்டிய டெண்டர்லாயினுக்கு இந்த உழைப்பு கிடையாது. அது இயல்பிலேயே மிருது. விலையும் பல மடங்கு. ஆனால், கிறிஸ்துமஸுக்கு வீடு நிறைய விருந்தாளிகள் வரும்போது மூடிய சட்டியில் நெடுநேரம் வேகவைக்கும் ‘பாட் ரோஸ்ட்’ செய்ய நினைக்கும் அமெரிக்கக் குடும்பங்கள் கறிக்கடையில் கேட்பது ‘சக்’ எனப்படும் அந்தத் தோள்கறியைத்தான். இது சிக்கனத்துக்காக மட்டும் செய்யும் தேர்வல்ல. டெண்டர்லாயினை இந்த முறையில் சமைத்தால் வறண்டு சக்கையாகிவிடும்.

செய்முறை எளிது. இரண்டு கிலோ தோள்கறியை வெட்டாமல் ஒரே துண்டாக எடுத்து, உப்பும் மிளகும் தடவி, கனத்த வார்ப்பிரும்புச் சட்டியில் எல்லாப் பக்கமும் சிவக்க வறுக்க வேண்டும். பிறகு வெங்காயம், பூண்டு, ஒரு கரண்டி தக்காளி விழுது, கறியின் பாதி உயரத்துக்கு சூப் நீர். இறுக மூடி, 150 டிகிரி செல்சியஸ் ஓவனில் மூன்றரை மணி நேரம் வைத்துவிடலாம். கேரட்டும் உருளைக்கிழங்கும் கடைசி ஒரு மணி நேரத்தில் சேரும். காய்கள் சேர்ந்த இந்தப் பக்குவத்துக்கு அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியை நினைவூட்டும் ‘யாங்கி பாட் ரோஸ்ட்’ என்ற பெயரும் உண்டு.

மூடிய சட்டிக்குள் நடப்பதுதான் சுவாரசியம்.

இணைப்புத் திசுவின் முக்கியப் புரதம் கொலாஜன். மூன்று புரதச் சங்கிலிகள் முப்புரிக் கயிறுபோல முறுக்கிக்கொண்டு நிற்கும் அமைப்பு அது. கறி சூடேறி 60 டிகிரியைத் தாண்டும்போது கொலாஜன் சுருங்குகிறது. சுருங்கும்போது தசையிழைகளை நெருக்கி, அவற்றிலிருக்கும் நீரைப் பிழிந்து வெளியேற்றுகிறது. வெந்துகொண்டிருக்கும் கறியை இந்தக் கட்டத்தில் முள்கரண்டியால் குத்தினால், ரப்பரைப் போல விறைத்துக்கொண்டு கரண்டியை உள்ளே விடாது. புதிதாகச் சமைப்பவர்கள் பயந்துபோவது இங்கேதான். அதிகம் வெந்து கெட்டுவிட்டது என்று அடுப்பை அணைத்துவிடுவார்கள். உண்மையில் அது இன்னும் போதிய அளவு வேகவில்லை.

கறியின் உட்பகுதி 70 டிகிரியைக் கடந்த பிறகுதான் முறுக்கு வேகமாக அவிழத் தொடங்குகிறது. மூன்று சங்கிலிகளும் பிரிந்து, கொலாஜன் ஜெலட்டினாகக் கரைகிறது. இது நிமிடங்களில் முடியும் வேலையல்ல, மணிக்கணக்கில் ஆகும். 90 டிகிரியை ஒட்டிய சூட்டில் கறி நீண்ட நேரம் இருந்தால், குத்திய கரண்டியைத் திருப்பும்போதே இழை இழையாகப் பிரியும். ஆட்டுக்கால் பாயா ஆறியதும் கட்டியாக உறைவதும், உண்ணும்போது உதடு பிசுபிசுப்பதும் இதே ஜெலட்டினால்தான்.

குழம்பில் கிடப்பதால் கறி நீரை உறிஞ்சி மென்மையாகிறது என்று பலரும் நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறானது. சட்டியில் எவ்வளவு சாறு இருந்தாலும், வெந்து முடிக்கும்போது கறி தன் எடையில் கால் பங்குக்கும் மேல் இழந்திருக்கும். வாயில் ஈரமாகத் தோன்றுவதற்குக் காரணம், வறண்ட இழைகளின் மேல் பூசிக்கொண்ட ஜெலட்டினும் உருகிய கொழுப்பும்தான். பிரஷர் குக்கரில் சூடு 120 டிகிரி வரை ஏறுவதால் கொலாஜன் விரைவில் கரையும். ஆனால் அந்தச் சூட்டில் இழைகள் இன்னும் கடுமையாகப் பிழியப்படும்.

முதலில் சிவக்க வறுப்பதைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. கறியின் மேல்தோல் இறுகி, சாறு வெளியேறாமல் பூட்டிவைக்கிறது என்ற கருத்தை 1847இல் பரப்பியவர் ஜெர்மானிய வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபான் லீபிக். பெரிய அறிஞர் சொன்னது என்பதால் சமையல் புத்தகங்கள் அதை அப்படியே ஏற்றுக்கொண்டன. 1930களில் நடந்த எளிய சோதனைகளே அது பிழை என்று காட்டிவிட்டன. வறுப்பது சுவைக்காக. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமிய் மய்யார் 1912இல் விவரித்த வினை அது: அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் உயர்சூட்டில் சேர்ந்து, பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான மணப் பொருட்களையும் உண்டாக்குகின்றன. இது சுறுசுறுப்பாக நடக்க 140 டிகிரி வாக்கில் சூடு வேண்டும். நீர் 100 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், ஈரமான கறி சிவக்காது. துணியால் ஒற்றி எடுத்து, சட்டி நன்றாகக் காய்ந்த பிறகே போட வேண்டும். வறுத்து எடுத்ததும் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புப் படலத்தைக் கழுவிவிடாதீர்கள். கொஞ்சம் சூப் நீர் ஊற்றி மரக்கரண்டியால் சுரண்டினால் நொடியில் கரைந்துவிடும். குழம்பின் சுவைக்கு அதுவே ஆதாரம்.

நெடுநேரச் சமையலின் மகிமை தற்செயலாகவும் தெரியவந்திருக்கிறது. மாசசூசெட்ஸில் 1753இல் பிறந்த பெஞ்சமின் தாம்சன், பின்னாளில் ரம்ஃபோர்டு பிரபு, வெப்பத்தை ஆராய்ந்த இயற்பியலாளர். உருளைக்கிழங்கு உலர்த்த அவர் செய்த கருவியில் ஒருமுறை ஆட்டின் தோள்கறியை வைத்துப் பார்த்தார். மூன்று மணி நேரமாகியும் வேகவில்லை. முயற்சியைக் கைவிட்டார், கறி இரவெல்லாம் அதிலேயே இருந்தது. காலையில் பார்த்தால் கறி முழுதும் வெந்து, அருமையான சுவையோடு இருந்தது.

சிகாகோவைச் சேர்ந்த கண்டுபிடிப்பாளர் இர்விங் நாக்ஸன் 1940இல் மின்சார மெதுசமையல் கலத்துக்குக் காப்புரிமை பெற்றார். லிதுவேனியாவின் வில்னியஸில், யூதர்களின் ஓய்வுநாளுக்காக வெள்ளிக்கிழமையே பேக்கரி அடுப்பின் மிச்சச் சூட்டில் சோலன்ட் என்ற உணவை இரவு முழுதும் வேகவைத்த கதையை அவருடைய தாய் சொல்லக் கேட்டதுதான் அதற்குத் தூண்டுதல். அந்தக் கலம்தான் பின்னர் ரைவல் நிறுவனத்தின் கைக்கு மாறி, 1971இல் ‘கிராக்-பாட்’ என்ற பெயரில் சந்தைக்கு வந்து அமெரிக்க வீடுகளில் பாட் ரோஸ்டை இன்னும் எளிதாக்கியது.

விருந்து வைப்பவருக்கு ஒரு யோசனை: முதல் நாளே சமைத்துவிடுங்கள். குளிர்ந்த குழம்பின் மேல் கொழுப்பு தகடாக உறைந்துவிடும், வழித்தெடுப்பது சுலபம். குளிர்ந்த கறியை இழைகளுக்குக் குறுக்கே சிதறாமல் வெட்டவும் முடியும்.

ஆனால் கவனம். கிளாஸ்டிரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. பெரிய சட்டியில் மெதுவாக ஆறும் கறி அவை பெருகுவதற்குத் தோதான இடம். அமெரிக்காவில் இந்தக் கிருமியால் கூட்டமாக நோய்வாய்ப்படுவது விருந்துக் காலமான நவம்பரிலும் டிசம்பரிலும்தான் அதிகம். எனவே சட்டியோடு அப்படியே ஆறவிடாமல், கறியைத் துண்டாக்கி, ஆழமில்லாத பாத்திரங்களுக்கு மாற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் பரிமாறும் முன், குழம்போடு சேர்த்து 74 டிகிரி வரை சூடாக்குங்கள்.