ஒட்டுண்ணி என்னும் உருவகம்: மொனிலிபோர்மிஸ் புழுவை முன்வைத்து ஒரு குறிப்பு

நிலவுடைமையாளனையும் வட்டிக்காரனையும் ஒட்டுண்ணி எனச் சுட்டுவது நமது முற்போக்கு இலக்கியத்திற் பெருவழக்கு. இவ்வுருவகத்தின் வலுவையும் எல்லையையும் அறிய, உயிரியல் காட்டும் ஒட்டுண்ணியொன்றை அணுகி நோக்குதல் பயனுடையது. முள்தலைப் புழுக்களுள் ஒரு பேரினமான மொனிலிபோர்மிஸ் இதற்கு ஏற்றது.

கழுத்துமாலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று இப்பெயர் பிறந்தது; புழுவின் உடல் மணிகோத்தாற்போலத் தோன்றுவதே காரணம். எலி இதன் விருந்துவழங்கி. கொளுக்கிகள் நிறைந்த தும்பிக்கையை எலியின் குடற்சுவரிற் பதித்துப் புழு நிலைகொள்கின்றது. அதற்கு வாயுமில்லை, உணவுக்கால்வாயுமில்லை. எலியின் குடலிற் சமிபாடடைந்த உணவை உடற்சுவரினூடாகவே உறிஞ்சுகின்றது. எலியின் மலத்தோடு வெளியேறும் முட்டைகளைக் கரப்பான்பூச்சி உண்ண, அதன் உடற்குழியிற் குடம்பி வளர்கின்றது. அப்பூச்சியை எலி தின்னும்போது வாழ்க்கைவட்டம் நிறைவுறுகின்றது. தொற்றுண்ட கரப்பானின் நடமாட்டமும், ஒளிக்கு அது காட்டும் எதிர்வினையும் மாறுவதை ஜானிஸ் மூர் 1983இல் எடுத்துக்காட்டினார்.

இவ்வாழ்விற் குற்றமுமில்லை, தேர்வுமில்லை. உணவுக்கால்வாயற்ற புழு வேறெவ்வாறும் வாழ இயலாது. சுரண்டுவோனின் நிலை அதுவன்று. நிலம் அவன் கையிற் சேர்ந்தது வரலாற்றினால். அதனைச் சட்டமும் அரசும் காத்து நிற்கின்றன. உற்பத்தி உறவுகள் மாறின் அவனும் உழைத்து வாழலாம். வர்க்கத்தை உயிரினமாகக் காணும்போது, மாற்றத்தக்க உறவு மாறா இயற்கையாகிவிடுகின்றது.

சொல்லின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. ஒட்டுண்ணியைக் குறிக்கும் 'பரசைற்' என்ற ஆங்கிலச் சொல், பிறர் பந்தியில் அமர்ந்து உண்பவனைக் குறித்த கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. கிரேக்க இன்பியல் நாடகங்களில் அவன் நிலையானதொரு பாத்திரம். விருந்துவழங்கி என்னும் நமது விஞ்ஞானச் சொல்லிலும் அப்பந்தியின் சாயல் உண்டு. சமூகத்திற் பிறந்த சொல் பின்னரே உயிரியலுக்குச் சென்றது. இயற்கையின் உடை அணிந்து மீண்டும் சமூகத்துக்குத் திரும்பியது.

1852இல் வெளிவந்த 'லூயி பொனபார்ட்டின் பதினெட்டாவது புரூமேர்' என்னும் நூலில், பிரெஞ்சு அரச இயந்திரத்தை ஒட்டுண்ணி உடல் என மார்க்ஸ் வருணித்தார். அங்கு சுட்டப்பட்டது ஓர் அமைப்பு. நாசிகளோ அதே சொல்லை யூத மக்கள்மீது ஏற்றினர். புழுவெனப் பெயரிடப்பட்டோரை அழிப்பது சுகாதாரப் பணியெனக் காட்டப்பட்டது.

உருவகத்தைக் கைவிடுமாறு நாம் கூறவில்லை. அது ஓர் உறவைச் சுட்டுகின்றதா, மனிதரின் பிறப்பைச் சுட்டுகின்றதா என்பதே விமர்சகன் ஒவ்வொரு முறையும் எழுப்பவேண்டிய வினா.