காடை முட்டை... குஞ்சு பொரிக்கப் பெரியதுதான் நல்லதா?

பெரிய முட்டை வைத்தால் பெரிய குஞ்சு கிடைக்கும். காடை வளர்க்கத் தொடங்கும் பலரும் போடும் கணக்கு இது. பாதிதான் சரி. குஞ்சு பெரிதாக இருக்கும், உண்மைதான். ஆனால், முதலில் அது ஓட்டை உடைத்து வெளியே வர வேண்டுமே!

பண்ணைகளில் வளரும் ஜப்பானியக் காடைகள், அடைகாக்கும் குணத்தைப் பெரும்பாலும் இழந்துவிட்டன. குஞ்சு வேண்டுமென்றால் இன்குபேட்டர்தான் வழி. 17, 18 நாள்கள் காத்திருந்த பிறகு முட்டைகள் பொரியாமல் கிடந்தால், கரன்ட் செலவும் உழைப்பும் வீண்.

எடை எவ்வளவு?

காடை முட்டை பொதுவாக 10 முதல் 12 கிராம் இருக்கும். இந்த நடுத்தர முட்டைகளே அடைக்கு ஏற்றவை.

முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அவற்றின் வழியே ஈரம் மெல்ல ஆவியாகும். மிகச் சிறிய முட்டையில் இது அளவுக்கு மீறி நடப்பதால் கரு காய்ந்துபோகலாம். மிகப் பெரிய முட்டையிலோ ஈரம் போதிய அளவு வெளியேறாது; உள்ளே இருக்கும் காற்றறை சிறுத்துவிடும். பொரிவதற்கு முன் குஞ்சு முதல் மூச்சை இழுப்பது அந்தக் காற்றில்தான்.

வடிவமும் முக்கியம்!

காற்றறை இருப்பது முட்டையின் அகன்ற முனையில். அதனால்தான் அந்த முனை மேலே இருக்கும்படி அடுக்குகிறார்கள். உருண்டையான முட்டையில் எது அகன்ற முனை என்றே தெரியாது. தலைகீழாக வைத்துவிட்டால், குஞ்சின் தலை தவறான பக்கம் திரும்பிவிடலாம். மிக நீளமான முட்டை தட்டில் சரியாக உட்காராது, விரிசல் விடும்.

அகலத்தை நீளத்தால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். 33 மி.மீ. நீளமும் 26 மி.மீ. அகலமும் இருந்தால் விடை 79. இது நல்ல வடிவம்.

கூரான முட்டையில் சேவல், உருண்டையில் பெட்டை என்று சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். குஞ்சு ஆணா, பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தாயின் குரோமோசோம்.

இதையும் கவனியுங்கள்

இரண்டு, மூன்று பெட்டைகளுக்கு ஓர் ஆண் இல்லையென்றால், எவ்வளவு அழகான முட்டையும் கூமுட்டையாகலாம். முட்டையிட்ட 7 நாள்களுக்குள் அடைக்கு வைத்துவிடுவது நல்லது.

கழித்த முட்டைகளை என்ன செய்வது? விரிசல் இல்லாதவற்றை வேகவைத்து, மிளகுத்தூள் தூவிச் சாப்பிடலாம். ருசிக்கு அளவும் வடிவமும் தடையில்லை!