மேயராக யார் வர வேண்டும்?

மாநகராட்சித் தேர்தல் பற்றிய பேச்சு எழுந்துவிட்டால் சென்னைவாசிகளுக்கு நேரம் போவதே தெரிவதில்லை. திருவல்லிக்கேணித் தேநீர்க் கடைகளிலும், மண்ணடியின் மொத்த வியாபாரக் கடைகளிலும், பெரம்பூர், வியாசர்பாடித் தெருமுனைகளிலும், தொழுகை முடிந்து பெரியவர்கள் சற்றே நின்று பேசும் பள்ளிவாசல் வாயில்களிலும் ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வரும்: “அடுத்த மேயராக யாரை நிறுத்தினால் நன்றாக இருக்கும்?”

“நன்கு படித்தவர் வேண்டும்” என்பார் ஒருவர். “படிப்பு என்ன செய்யும் பாய்? அதிகாரிகளை அதட்டி வேலை வாங்கத் தெரிந்தவர் வேண்டும்” என்பார் அடுத்தவர். “நம்மவர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனை காலமாயிற்று!” என்று பெருமூச்சு விடுவார் மூன்றாமவர். “எவர் வந்தால் என்ன? நம் தெருவில் சாக்கடை நிரம்பி வழிவது நிற்கவா போகிறது?” என்று நான்காமவர் பேச்சை முடித்து வைக்கப் பார்ப்பார். வீட்டிற்குள்ளிருந்து பெண்கள் கேட்பதோ இன்னும் நேரானது: “குப்பை வண்டி நாள் தவறாமல் வருமா? அதைச் சொல்லுங்கள்!”

இந்த உரையாடல்கள் வீண்பேச்சல்ல. தம் ஊரை ஆளப்போகிறவரைப் பற்றி மக்கள் கவலைப்படுவது நல்ல அறிகுறியே. ஆயினும், இவ்வளவு பேசுகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டு செய்திகளை மறந்துவிடுகின்றனர். மேயரைத் தேர்ந்தெடுப்பவர் யார் என்பது ஒன்று. மேயரின் கையில் இருப்பது எது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் அறியாமல் எத்தனை பெயர்களை அலசினாலும் அதனால் பயன் விளையாது.

பழம்பெரும் நாற்காலி

சென்னை மாநகராட்சி, இந்தியாவின் மாநகராட்சிகளுள் மிகப் பழமையானது. 1687 டிசம்பரில் வழங்கப்பட்ட சாசனத்தின்படி, 1688 செப்டம்பர் 29 அன்று அது தொடங்கி வைக்கப்பட்டது. முதல் மேயர் நத்தேனியல் ஹிக்கின்சன் என்ற ஆங்கிலேயர். காலப்போக்கில் மேயர் என்னும் பதவிப் பெயர் வழக்கொழிந்து, மாநகராட்சிக்குத் ‘தலைவர்’ இருந்தார். 1933இல் மேயர் என்ற பெயர் மீண்டும் வந்தபோது ராஜா சர் முத்தையா செட்டியார் அப்பதவியை வகித்தார்.

அக்காலத்தில் மேயர் பதவி ஓராண்டுக்கு உரியது. மாமன்ற உறுப்பினர்கள் தமக்குள் ஒருவரை ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்தனர். அதனால் பல சமுதாயத்தவரும் அந்த நாற்காலியில் அமர வாய்ப்புக் கிடைத்தது. 1935இல் அப்துல் ஹமீது கான் மேயரானார். 1937இல் ஜெ.சிவசண்முகம் பிள்ளை, தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து வந்த முதல் மேயரானார். 1943இல் சையத் நியமத்துல்லா அப்பதவிக்கு வந்தார். 1957இல் தாரா செரியன் முதல் பெண் மேயரானார்.

பின்னர் வந்ததோ நெடிய வெறுமை. வருகைப் பதிவேட்டில் பொய்ப் பெயர்களைச் சேர்த்துக் கூலிப் பணம் சுருட்டப்பட்டதாக எழுந்த ஊழலையொட்டி 1973இல் மாமன்றம் கலைக்கப்பட்டது. அதன்பிறகு 1996 வரை, 23 ஆண்டுகள், சென்னைக்கு மேயரும் இல்லை, மாமன்ற உறுப்பினர்களும் இல்லை. அன்று பிறந்த குழந்தை வளர்ந்து, படித்து, வாக்குரிமை பெற்று, மணமும் முடித்திருக்கும். அதுவரை தன் தெருவிளக்கு எரியவில்லை என்று முறையிட அதற்கென்று ஓர் உறுப்பினர் இருக்கவில்லை.

அதே நிலை மீண்டும் வந்தது. 2016 அக்டோபரில் மாமன்றத்தின் காலம் முடிந்தது. நீதிமன்ற வழக்குகளாலும் தாமதங்களாலும் அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடைபெற்றது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு நகரமே குடத்தோடு தெருவில் நின்றபோதும், 2020இல் கொரோனா தொற்று வீடு வீடாகப் புகுந்தபோதும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரும் ரிப்பன் கட்டடத்தில் இல்லை. நாற்காலியில் அமர யார் தகுதியுடையவர் என்று வாதிடும் நாம், அந்த நாற்காலி காலியாகக் கிடந்த ஆண்டுகளில் எத்தனை முறை அதைக் கேட்டோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தேர்ந்தெடுப்பவர் யார்?

1996, 2001, 2011 ஆகிய ஆண்டுகளில் சென்னை மேயரை மக்களே நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்தனர். 1996இல் அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மேயர் மு.க.ஸ்டாலின். 2006இல் இம்முறை கைவிடப்பட்டு, உறுப்பினர்களே மேயரைத் தேர்ந்தெடுத்தனர். 2022லும் அவ்வாறே நடந்தது. பிப்ரவரி 19 அன்று மக்கள் வாக்களித்தது 200 வார்டுகளின் உறுப்பினர்களுக்கு மட்டுமே. மார்ச் 4 அன்று அந்த உறுப்பினர்கள் கூடி, 28 வயதான ஆர்.பிரியாவை மேயராக்கினர். சென்னையின் மூன்றாவது பெண் மேயர் அவர். தாழ்த்தப்பட்ட சமூகப் பெண்களுள் முதலாமவர்.

அத்தேர்தலில் சென்னை மேயர் பதவி தாழ்த்தப்பட்ட சமூகப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஆகவே அந்த ஒதுக்கீடு அறிவிக்கப்படும் முன் தெருக்களில் அலசப்பட்ட பெயர்களில் பெரும்பாலானவை ஒரே நாளில் பயனற்றுப் போயின.

மறைமுகத் தேர்தலின் மற்றொரு விளைவையும் பார்த்தோம். 2024 ஜூலையில் கோயம்புத்தூர், திருநெல்வேலி மேயர்கள் பதவி விலகினர். அடுத்த மாதமே உறுப்பினர்கள் கூடிப் புதியவர்களைத் தேர்ந்தெடுத்தனர். பொதுமக்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கட்டாயமும் சட்டத்தில் இல்லை.

நேரடித் தேர்தலே சிறந்தது என்போர் உளர். மேயரும் மாமன்றப் பெரும்பான்மையும் வேறு வேறு கட்சியினராக அமைந்தால் பணிகள் முடங்கும், எனவே மறைமுகத் தேர்தலே மேல் என்போரும் உளர். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் மறைமுக முறை நடைமுறையில் இருக்கும்வரை, மேயர் யார் என்ற கேள்விக்கான விடை நம் வார்டிலிருந்துதான் புறப்படுகிறது. நல்ல உறுப்பினர்களை நாம் அனுப்பினால், அவர்களுள் ஒருவர்தாம் மேயர். தகுதியற்றோரை அனுப்பிவிட்டுத் தகுதியான மேயரை எதிர்பார்ப்பது, வேம்பை நட்டுவிட்டு மாங்கனிக்குக் காத்திருப்பது போன்றது.

இதையும் சொல்லத்தான் வேண்டும். 2022 தேர்தலில் மாநில அளவில் 60 விழுக்காட்டினருக்கு மேல் வாக்களித்தனர். சென்னையில் வாக்களித்தவர்களோ 43.59 விழுக்காட்டினர் மட்டுமே. தேநீர்க் கடையில் மேயரைத் தேர்ந்தெடுத்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் வாக்குச்சாவடிக்கு வரவில்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

மேயரின் கையில் இருப்பது எது?

தண்ணீர் வரவில்லையென்றாலும், பேருந்து வரவில்லையென்றாலும், மின்சாரம் போனாலும் மேயரையே ஏசுகிறோம். சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் 1978 முதல் தனி வாரியத்தின் பொறுப்பு. பேருந்து, மின்சாரம் ஆகியவற்றிற்கும் தனித்தனி நிறுவனங்கள் உண்டு. குப்பை அகற்றல், தெருவிளக்கு, மழைநீர் வடிகால், உட்புறச் சாலைகள், பூங்கா, மாநகராட்சிப் பள்ளிகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள், பிறப்பு இறப்புச் சான்றிதழ் ஆகியவை மாநகராட்சிக்குரியவை. தெருவில் வழிவது கழிவுநீரா, மழைநீரா என்று அறிந்த பிறகே எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவது என்று முடிவு செய்ய முடியும். “மேயரானதும் இருபத்து நான்கு மணி நேரமும் தண்ணீர் தருவேன்” என்று ஒருவர் முழங்கினால், அவர் தம் பதவியைப் பற்றித் தாமே அறியாதவர் என்று கொள்ளலாம்.

இன்னொன்று: ஆணைகளை நிறைவேற்றுபவர் மாநில அரசு அமர்த்தும் ஆணையர். மேயர் மாமன்றத்திற்குத் தலைமை வகிப்பவர். ஆதலின் அதட்டல் மட்டும் போதாது. வரவு செலவுத் திட்டத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் பொறுமையும், உறுப்பினர்களை அரவணைத்துச் செல்லும் பண்பும், கோப்பு எங்கே தேங்கி நிற்கிறது என்று கண்டறியும் கூர்மையும் வேண்டும்.

அதிகாரம் குறைவு என்பதால் ஒன்றும் செய்ய இயலாது என்பதும் சரியன்று. 1920இல் பி.தியாகராய செட்டியார் மாநகராட்சித் தலைவராயிருந்தபோது ஆயிரம் விளக்கிலிருந்த ஒரு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு அளிக்கும் தீர்மானம் நிறைவேறியது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவிற்கு மிகாமல் செலவு. காமராசர் காலத்தில் மாநிலமெங்கும் பரவிய மதிய உணவுத் திட்டத்திற்கு முன்னோடி அந்தச் சிறிய தீர்மானமே.

1939இல் மேயரான எஸ்.சத்தியமூர்த்திக்குக் கிடைத்ததும் சொற்ப காலந்தான். நகரின் குடிநீர்த் தட்டுப்பாட்டைத் தீர்க்க, கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் அமைக்க அவர் விடாமல் முயன்றார். 1940இல் பணி தொடங்கிற்று. 1944இல் நீர்த்தேக்கம் முடிந்தபோது அவர் உயிரோடில்லை. அவர் பெயர் தாங்கிய அந்த நீர்த்தேக்கம் இன்றும் சென்னைக்கு நீர் தருகிறது. பதவிக்காலம் முடிந்த பின்னும் பயன் தரக்கூடிய ஒரு பணியை எண்ணிப் பார்க்கத் தெரிந்தவரையே மேயராகத் தேட வேண்டும்.

நம்மவர் யார்?

“நம்மவர் வரட்டும்” என்ற விருப்பத்தில் தவறில்லை. நெடுங்காலம் தம் குரல் எட்டாத இடத்தில் தம்முள் ஒருவர் அமர வேண்டும் என்று எந்தச் சமுதாயமும் விரும்பும். ஆனால் ஒரு வார்டின் குப்பை மேடு யார் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் தருவது என்று பெயர் கேட்டு முடிவு செய்வதில்லை. எந்தத் தெருவாயினும் இறங்கி நடந்து, எவர் குறையையும் தம் குறையாகக் கேட்பவரே முதலில் நம்மவர். அத்தகையவர் நம் சமுதாயத்திலிருந்து வந்தால் இரட்டிப்பு மகிழ்ச்சி. அதற்கு அப்படிப்பட்டவர்களை நாம் உருவாக்கியிருக்க வேண்டும்.

இங்கே பெற்றோருக்கு ஒரு சொல். 2016இல் வந்த சட்டத் திருத்தத்தால் உள்ளாட்சி இடங்களில் சரிபாதி பெண்களுக்கு உரியது. நம் பெண்மக்கள் பட்டம் பெறுகின்றனர். கணக்கு வழக்கு அறிந்தவர்கள். தண்ணீர், குப்பை, பள்ளிக்கூடம், மருத்துவமனை ஆகியவற்றின் தொல்லையை நாள்தோறும் அனுபவிப்பவர்கள். இருந்தும், பெண்கள் வார்டு என்று அறிவிப்பு வந்ததும் அவசர அவசரமாக எவர் மனைவியின் பெயரையேனும் எழுதிக் கொடுத்துவிட்டு, கூட்டத்தில் அவருக்காகக் கணவரே பேசும் நிலையைப் பல ஊர்களில் காண்கிறோம். தகுதியுள்ள பெண்ணை முன்கூட்டியே இனங்கண்டு, அவர் தம் வாயாலேயே பேச இடமளிக்கும் குடும்பமே இந்த ஒதுக்கீட்டின் பயனை முழுமையாகப் பெறும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மாமன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச் மாதத்துடன் நிறைவுறுவது. வாக்குக் கேட்டு எவர் வாசலுக்கு வந்தாலும், சால்வை போர்த்தி அனுப்பிவிடாமல் சில கேள்விகளைக் கேட்போம்:

இந்த வார்டின் எல்லாத் தெருக்களிலும் நடந்திருக்கிறீர்களா? மழையில் முதலில் மூழ்கும் தெரு எது?

நம் மாநகராட்சிப் பள்ளியில் எத்தனை ஆசிரியர், எத்தனை கழிப்பறை என்று அறிவீர்களா?

உங்களுக்கோ உங்கள் உறவினருக்கோ மாநகராட்சி ஒப்பந்தத் தொழிலில் பங்குண்டா?

2022 நவம்பர் முதல் நகர்ப்புறங்களில் தொடங்கப்பட்ட பகுதி சபைக் கூட்டத்தைத் தவறாமல் கூட்டுவீர்களா? அதன் நாளை முன்கூட்டியே தெருவில் அறிவிப்பீர்களா?

மேயர் தேர்தலில் எத்தகையவருக்கு வாக்களிப்பீர்கள்? கட்சி தகுதியற்ற ஒருவரை முன்மொழிந்தால், அதை உட்கூட்டத்திலேனும் எடுத்துரைப்பீர்களா?

இக்கேள்விகளுக்கு நேரிய விடை தருபவர் கட்சிக்காரராயினும் சுயேச்சையாயினும், செல்வராயினும் ஏழையாயினும் அவரையே அனுப்புவோம். அனுப்பிய பிறகும் உறங்கிவிடலாகாது. பகுதி சபைக்கு வீட்டுக்கு ஒருவராவது செல்ல வேண்டும். வரிப்பணம் நம் உழைப்பின் பங்கு. அதைக் கையாளுபவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். கொடுத்தவர் கணக்குக் கேட்பது குற்றமாகாது.

ஆகவே அன்பர்களே, “மேயராக யார் வர வேண்டும்?” என்று தாராளமாகப் பேசுங்கள். அதோடு, “நம் வார்டிலிருந்து யார் போக வேண்டும்?” என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திராமல் இன்றே பேசத் தொடங்குங்கள். வாக்காளர் பட்டியலில் வீட்டார் அனைவரின் பெயரும் இருக்கிறதா என்று பார்ப்பதை அதற்கு முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.