லண்டன் விசாவும் நைஜீரியக் குடும்பமும்

"ஜாபா" என்றொரு சொல் நைஜீரியாவில் இன்று படித்தவர், படியாதவர் அனைவர் வாயிலும் புழங்குகிறது. யொருபா மொழிச் சொல் அது. தப்பி ஓடுதல் என்பது அதன் பொருள். ஒருவர் வேலைக்காகவோ படிப்புக்காகவோ நாட்டைவிட்டு வெளியேறினால், அதைக் குறிக்க இச்சொல்லையே அங்குள்ளோர் கையாளுகின்றனர். பிறந்த மண்ணை விட்டுச் செல்வதைத் தப்பி ஓடுதல் என்று ஒரு சமுதாயமே சொல்லத் தொடங்கியிருக்கிறதென்றால், அதன் பின்னே எவ்வளவு மனக்கசப்பு இருக்கவேண்டும்!

வாசக நேயர்களே! பிழைப்பைத் தேடிக் கடல் கடப்பது நமக்கும் புதியதன்று. ஆயினும் நைஜீரியரின் கதையை நாம் அறிந்துகொள்ளத் தனிக் காரணம் ஒன்றுண்டு. பிரிட்டனில் முதியோரையும் நோயாளிகளையும் பராமரிக்கும் வேலைக்கு 2022ஆம் ஆண்டுக்குப் பின் விசா பெற்றுச் சென்றவர்களில் இந்தியர், நைஜீரியர், ஜிம்பாப்வே நாட்டினர் ஆகியோரே மிகுதி. மூவருக்கும் சட்டம் ஒன்றே. "விசா கிடைத்துவிட்டதா?" என்று மட்டும் நாம் கேட்கிறோம். அது எவரைச் சார்ந்த விசா, மனைவி மக்களுக்கு அதில் இடமுண்டா, வேலை போனால் என்ன ஆகும் என்று கேட்பதில்லை. கேட்காமல் புறப்பட்டவர்கள் கொடுத்த விலையைத்தான் இங்கே காணப்போகிறோம்.

வரவேற்ற நாடு வழியனுப்பும் நாடானது

ஒரு காலத்தில் நைஜீரியாவே பிறருக்குப் பிழைப்பளித்த நாடு. 1970களில் எண்ணெய் வருவாய் பெருகியபோது, கானாவிலிருந்து ஆசிரியர்களும் தொழிலாளர்களும் இலட்சக்கணக்கில் அங்கே குடியேறினர். எண்ணெய் விலை சரிந்தது. 1983 ஜனவரியில், உரிய ஆவணமில்லாத அயல்நாட்டார் வெளியேறவேண்டும் என்று அரசு ஆணையிட்டது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மூட்டை முடிச்சுகளோடு வெளியேறினர். அவர்கள் சுமந்து சென்ற கட்டம்போட்ட பைகளுக்கு "கானாக்காரனே, போய்விடு" என்ற பொருளில் சூட்டப்பட்ட பெயர், மேற்கு ஆப்பிரிக்காவில் இன்றும் வழங்குகிறது.

பின்னர் நைஜீரியரும் பெட்டி கட்ட நேர்ந்தது. அதுவரை விசா இன்றிப் பிரிட்டனுக்குச் சென்றுவந்த நிலையும் மாறியது. இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், கானா, நைஜீரியா ஆகிய ஐந்து நாட்டாருக்கும் விசா கட்டாயம் என்று 1986இல் பிரிட்டன் அறிவித்தது.

அண்மைக் காலத்துத் துயரங்கள் வேறு. 2022 பிப்ரவரியில் தொடங்கிய பல்கலைக்கழக ஆசிரியர்களின் வேலைநிறுத்தம் எட்டு மாதங்கள் நீடித்தது. 2023 ஜூனில் நாட்டு நாணயமான நைராவின் மதிப்பைச் சந்தையின் போக்குக்கே அரசு விட்டுவிட்டது. அதற்கு முன் ஒரு டாலருக்கு 470 நைரா அளவில் இருந்த மதிப்பு, 2024 தொடக்கத்தில் 1,500 நைரா வரை சரிந்தது. பிரிட்டனில் பாதிப் படிப்பில் இருந்த மாணவர்களின் நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். தந்தை நைராவில் சேர்த்துவைத்த பணம், அடுத்த தவணைக் கட்டணத்துக்குள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. கட்டணம் செலுத்த இயலாத சிலரைப் பல்கலைக்கழகம் படிப்பிலிருந்து நீக்கிய செய்தி 2024இல் வெளிவந்தது. படிப்பு போனால் மாணவர் விசாவும் போய்விடும்!

முன்னே சென்றவர்கள்

1960இல் நைஜீரியா விடுதலை பெற்றதையொட்டிய ஆண்டுகளில் சட்டமும் கணக்கியலும் பயில லண்டன் சென்ற இளைஞர் பலர். பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பி உயர்பதவி வகிக்கவேண்டும் என்பதே அவர்களின் கனவு. அவர்களுள் ஒருவரின் மனைவியாக 1962இல் அங்கே சென்றவர் புச்சி எமெச்செட்டா. நூலகத்தில் வேலை பார்த்து, ஐந்து குழந்தைகளை வளர்த்து, கணவரைப் பிரிந்த பின் லண்டன் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பட்டமும் பெற்றவர். வாடகை அறை தேடி அலைந்ததையும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளின்றித் தவித்ததையும் அடிப்படையாகக் கொண்டு அவர் எழுதிய 'இரண்டாந்தரக் குடிமகள்' என்று பொருள்படும் ஆங்கில நாவல் 1974இல் வெளிவந்தது.

அந்தத் தவிப்பிலிருந்து ஒரு விந்தையான வழக்கம் பிறந்தது. பகலில் படிப்பு, இரவில் வேலை; இருப்பதோ ஓர் அறை. குழந்தையை என்ன செய்வது? பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, கென்ட், எஸ்ஸெக்ஸ் போன்ற வட்டாரங்களில் வாழ்ந்த வெள்ளையர் குடும்பங்களிடம் மாதப் பணம் கட்டிப் பிள்ளைகளை ஒப்படைத்தனர். 1950களின் நடுப்பகுதியிலிருந்து பல பத்தாண்டுகள் இவ்வழக்கம் நீடித்தது. ஆயிரக்கணக்கான மேற்கு ஆப்பிரிக்கக் குழந்தைகள், பெரும்பாலும் நைஜீரியக் குழந்தைகள், இவ்வாறு வளர்ந்தனர். சிலருக்கு அன்பான இல்லம் வாய்த்தது. சிலர் தாய்மொழியை மறந்து, பெற்றோரையே அந்நியராய்க் கண்டு கலங்கினர். இவ்வாறு வளர்ந்த நடிகர் அடேவாலே அகின்னுவோயே அக்பாஜே தம் இளமையை அடிப்படையாக வைத்து 2018இல் ஒரு திரைப்படமே எடுத்தார்.

அன்று வறுமையும் இடநெருக்கடியும் பிள்ளைகளைப் பிரித்தன. இன்று சட்டம் பிரிக்கிறது.

விசா பெறும் வழி

நைஜீரியாவின் ஆட்சிமொழி ஆங்கிலம். பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை ஆங்கிலத்திலேயே படிக்கின்றனர். ஆயினும் வேலை விசாவுக்கு விண்ணப்பிக்கும் நைஜீரியர், ஆங்கிலம் அறிந்தவர் என்பதைத் தேர்வெழுதியோ பட்டத்தின் மூலமோ மெய்ப்பிக்கவேண்டும். மொழித் தேர்வு விலக்குப் பெற்ற நாடுகளின் பட்டியலில் நைஜீரியா இல்லை. ஆறு மாதங்களுக்கு மேல் தங்குவோர் காசநோய் இல்லையென்ற சான்றும் காட்டவேண்டும்.

அடுத்து மருத்துவக் கூடுதல் கட்டணம். 2024 பிப்ரவரி முதல் வயதுவந்த ஒருவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு. சிறுவருக்கும் மாணவருக்கும் 776 பவுண்டு. விசாக் காலம் முழுமைக்கும் முன்கூட்டியே கட்டவேண்டும். கணவன், மனைவி, இரு குழந்தைகள் ஐந்தாண்டு வேலை விசாவில் செல்வதானால், இக்கட்டணம் மட்டும் 18,110 பவுண்டு! சுகாதாரம், பராமரிப்பு ஆகிய துறைகளின் விசாவுக்கு இது விலக்கு. பராமரிப்பு வேலையை நோக்கி மக்கள் திரண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரே முதலாளியின் பிடி

2022 பிப்ரவரியில் பராமரிப்பு ஊழியர்களுக்கென அக்கதவு திறந்தது. வங்கி அலுவலர், பள்ளி ஆசிரியை, பொறியாளர் எனப் பலரும் வேலையை விட்டு, முதியோரைக் குளிப்பாட்டவும் உணவூட்டவும் புறப்பட்டனர். உழைப்பில் இழிவில்லை. தொல்லை வேறிடத்தில் இருந்தது.

இந்த விசாவுக்கு ஸ்பான்சர் உரிமம் பெற்ற ஒரு நிறுவனம் சான்று வழங்கவேண்டும். வளைகுடாவில் கபீலை அறிந்த குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அச்சான்றுக்கான அரசுக் கட்டணம் 2025 ஏப்ரலில் 525 பவுண்டாக உயர்ந்தது. அதைக் கட்டவேண்டியவர் முதலாளி. ஊழியரிடம் அதை வசூலிக்கலாகாது என்று 2024 டிசம்பர் இறுதியில் தெளிவாகவே தடையும் வந்தது. நடந்ததோ வேறு. தரகர்கள் பல ஆயிரம் பவுண்டு கேட்டனர். நிலத்தை விற்றும் கடன் வாங்கியும் மக்கள் கொடுத்தனர். போய்ச் சேர்ந்தபின், சொல்லப்பட்ட வேலை நேரத்தில் பாதிகூட இல்லை என்று அறிந்தோர் பலர். சிலருக்கு வேலையே இல்லை.

முறையிடலாமே என்று கேட்பீர்கள். முறையிட்டால் அரசு அந்த நிறுவனத்தின் உரிமத்தைப் பறிக்கும். உரிமம் போனால் ஊழியரின் விசாவும் ஆட்டங்காணும். அரசிடமிருந்து கடிதம் வரும். வந்த நாள் முதல் பொதுவாக 60 நாட்களுக்குள் வேறு ஸ்பான்சரைத் தேடவேண்டும், அல்லது நாட்டைவிட்டு வெளியேறவேண்டும். 2022 ஜூலைக்கும் 2024 டிசம்பருக்கும் இடையே பராமரிப்புத் துறையில் 470க்கும் மேற்பட்ட உரிமங்கள் பறிக்கப்பட்டன. தவறு செய்தது நிறுவனம். நாட்களை எண்ணிக்கொண்டிருந்தது ஊழியர். இவ்வாறு வேலை இழந்தோரையே முதலில் அமர்த்த முயலவேண்டும் என்று இங்கிலாந்தின் பராமரிப்பு நிறுவனங்களுக்கு 2025 ஏப்ரலில் விதி வந்தது. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிய பராமரிப்பு ஊழியரை வரவழைப்பதே நிறுத்தப்பட்டது. இதற்குப் பின்னும் "பராமரிப்பு விசா தயார்" என்று எவரேனும் பணம் கேட்டால், அவரை நம்பலாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

குடும்பத்துக்கு மூடிய கதவு

2024 ஜனவரி முதல், பாடவழி முதுகலைப் படிப்புக்கு வருவோர் துணையையும் குழந்தைகளையும் அழைத்துவர இயலாது என்றாயிற்று. அவ்வாண்டு மார்ச் 11 முதல் பராமரிப்பு ஊழியர்க்கும் அதே தடை. முன்னரே வந்துவிட்ட குடும்பங்கள் தங்கலாம், பிந்தியவர்களுக்கு வழியில்லை. மார்ச் 10இல் விண்ணப்பித்தவரின் பிள்ளை தாயோடு இருக்கும்; 11இல் விண்ணப்பித்தவரின் பிள்ளை பாட்டியிடம் லாகோஸில் வளரும். லண்டனில் பிறர் பெற்றோரைக் கண்ணும் கருத்துமாய்ப் பேணும் தாய், தன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதைக் கைத்தொலைபேசியில் கேட்டறிகிறாள்.

பிற துறைகளில் திறன்வேலை விசாவுக்கான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 26,200 பவுண்டிலிருந்து 2024 ஏப்ரலில் 38,700 ஆகவும், 2025 ஜூலையில் 41,700 ஆகவும் உயர்ந்தது. ஐந்தாண்டில் நிரந்தரக் குடியுரிமம் என்ற நம்பிக்கையோடு சென்றவர்களுக்கு, அதைப் பத்தாண்டாக்கும் யோசனையை 2025 மே மாத வெள்ளையறிக்கை முன்வைத்தது. லண்டனில் குழந்தை பிறந்தால் அது பிரிட்டிஷ் குடிமகன் ஆகிவிடும் என்ற எண்ணமும் பலரிடம் உண்டு. 1983 ஜனவரி முதல் அப்படியில்லை. பெற்றோரில் ஒருவராவது பிரிட்டிஷ் குடிமகனாகவோ நிரந்தரமாகத் தங்க உரிமை பெற்றவராகவோ இருக்கவேண்டும்.

அன்றாடம்

வீடு வீடாகச் சென்று முதியோரைப் பராமரிப்பவருக்குக் கார் ஓட்டத் தெரிந்திருப்பது பல இடங்களில் கட்டாயம். நைஜீரிய ஓட்டுநர் உரிமம் அங்கே 12 மாதங்களுக்கே செல்லும். பின்னர் பிரிட்டிஷ் தேர்வில் தேறவேண்டும். ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குச் செல்லும் நேரத்தையும் குறைந்தபட்ச ஊதியக் கணக்கில் சேர்க்கவேண்டும் என்பது சட்டம். அதைச் சேர்க்காமல் விடும் நிறுவனங்களும் உள. அரசின் குழந்தை உதவித்தொகை, வீட்டு உதவி போன்றவை இத்தகைய விசாவில் கிடையா. பிள்ளைக்குப் பள்ளிக் கல்வி மட்டும் இலவசம்.

இத்தனைக்கும் நடுவே அவர்களைத் தாங்குவது எது? தென்கிழக்கு லண்டனில் பெக்கம் என்ற பகுதி 'குட்டி லாகோஸ்' எனப் பெயர் பெற்றது. கர்ரி எனும் மரவள்ளி மாவும், சேனை போன்ற பெருங்கிழங்கும், உலர்ந்த மீனும் அதன் கடைத்தெருவில் கிடைக்கும். அருகிலுள்ள ஓல்ட் கென்ட் சாலையில் நைஜீரிய முஸ்லிம்கள் நடத்தும் பள்ளிவாசல் இருக்கிறது. லாகோஸில் தோன்றிய கிறிஸ்தவ சபைகளுக்கும் நாடெங்கும் கிளைகள் உண்டு. அறை வாடகைக்கு இருக்கிறது, இன்ன நிறுவனத்தில் ஆள் வேண்டுமாம் என்ற செய்திகள் தொழுகையும் ஆராதனையும் முடிந்து வெளியே வரும்போதே பரவுகின்றன.

மற்றொன்று "அஜோ" எனப்படும் சீட்டு. பத்துப் பேர் மாதம் 200 பவுண்டு வீதம் போட்டால், முறை வைத்து மாதம் ஒருவர் 2,000 பவுண்டு எடுத்துக்கொள்வர். தள்ளுபடியும் இல்லை, வட்டியும் இல்லை. விசா புதுப்பிக்கவும், முன்பணம் கட்டவும், ஊரில் தந்தைக்கு அறுவைச் சிகிச்சை செய்யவும் இதுவே கைகொடுக்கிறது. அடிமைகளாய்க் கொண்டுசெல்லப்பட்ட யொருபா மக்களோடு இவ்வழக்கம் கரீபியத் தீவுகளுக்கும் போய், "சூசூ" என்ற பெயரில் இன்றும் வாழ்கிறது.

வெளிநாடுவாழ் நைஜீரியர் 2023இல் தாயகத்துக்கு அனுப்பிய தொகை சுமார் 2,000 கோடி டாலர் என உலக வங்கி மதிப்பிட்டது. தம்பியின் கட்டணம், மாமாவின் மருந்து, ஊர்த் திருமணம் என்று மாதந்தோறும் வரும் கோரிக்கைகளை அங்குள்ளோர் "கறுப்பு வரி" என்று சிரிப்பும் சலிப்பும் கலந்து சொல்வதுண்டு. அனுப்பும் மகன் ஓர் அறையில் நால்வரோடு முடங்கிக் கிடப்பதைப் பெறுபவர் அறிவதில்லை; அவனும் சொல்வதில்லை.

புறப்படுமுன்

உங்கள் வீட்டுப் பிள்ளையும் நாளை இவ்வழியில் செல்லக்கூடும். ஆகவே சிலவற்றை நினைவில் கொள்ளுங்கள். ஸ்பான்சர் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலைப் பிரிட்டிஷ் அரசு வெளிப்படையாகவே வெளியிடுகிறது. பணம் பேசுமுன் அதில் பெயரைத் தேடுங்கள். ஸ்பான்சர் சான்றுக்கு விலை சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். விசா அட்டைகள் 2024 டிசம்பர் 31உடன் காலாவதியாகி, மின்னணு விசா வந்துவிட்டது. அதன் கணக்கைத் தரகரின் மின்னஞ்சலில் தொடங்காமல், செல்பவரின் சொந்த மின்னஞ்சலிலும் தொலைபேசி எண்ணிலும் தொடங்குங்கள். சம்பளச் சீட்டுகளையும் ஒப்பந்தத்தையும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். அங்கே பதிவுபெறாதவர் குடியேற்ற ஆலோசனையைத் தொழிலாய் வழங்குவது குற்றம். பதிவுபெற்ற ஆலோசகரையோ வழக்கறிஞரையோ நாடவேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்று. புறப்படுமுன் கணவனும் மனைவியும் அமர்ந்து, எத்தனை ஆண்டுப் பிரிவு, பிள்ளை யாரிடம் வளரும், வேலை போனால் திரும்பிவரும் செலவுக்கு வழி என்ன என்பதைப் பேசி முடிவு செய்யவேண்டும். பெற்றோரும் ஒரு வாக்குறுதி தரலாம். "கையில் ஒன்றுமின்றித் திரும்பினாலும் இது உன் வீடுதான்" என்பதே அது. அந்தச் சொல் கிடைக்காததாலேயே, கெட்ட முதலாளியிடம் வாய் திறவாமல் உழைத்துக்கொண்டிருப்போர் பலர்.