எட்டும் எடையே ஏற்ற எடை!

ரயில் நிலைய நடைமேடைகளில் வண்ண விளக்குகள் சுழலும் எடை பார்க்கும் இயந்திரங்கள் நின்றிருந்த காலம் ஒன்று உண்டு. நாணயத்தைப் போட்டால் சிறிய அட்டை ஒன்று வந்து விழும். அதில் நம் எடையும் இருக்கும். நம் எதிர்காலம் குறித்த வாசகம் ஒன்றும் இருக்கும். எடையைவிட அந்த வாசகத்தைப் படிக்கவே பலரும் ஆசைப்பட்டனர். இன்று கைப்பேசிச் செயலியில் உயரத்தைப் பதிவிட்டால், நாம் எத்தனை கிலோ இருக்க வேண்டும் என்ற விடை நொடியில் வந்துவிடுகிறது. அந்த எண்ணையும் பலர் ஏறத்தாழ ஆருடமாகவே ஏற்றுக்கொள்கின்றனர்.

அந்த எண்ணை நம்பி நடைப்பயிற்சியைத் தொடங்கி, மூன்று மாதங்களில் நான்கு கிலோ குறைந்தும், 'இன்னும் பன்னிரண்டு கிலோ இருக்கிறதே' என்று மனம் தளர்ந்து கைவிடுவோர் ஒரு சாரார். 'எனக்கு எலும்பு கனம். இந்தக் கணக்கெல்லாம் எனக்குப் பொருந்தாது' என்று கூறித் தொடங்காமலேயே இருந்துவிடுவோர் மற்றொரு சாரார். இரு சாராருக்கும் இழப்பு உண்மையானது. எடை இலக்கு எங்கிருந்து வந்தது, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைத் தெரிந்துகொண்டால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

உயரத்தையும் எடையையும் முதலில் ஒரு சூத்திரத்தில் இணைத்தவர் மருத்துவர் அல்லர். பெல்ஜியம் நாட்டின் வானியலாளரும் புள்ளியியலாளருமான அடால்ஃப் கெட்லே, வளர்ந்த மனிதர்களின் எடை அவர்களது உயரத்தின் வர்க்கத்தை ஒட்டி அமைகிறது என்பதை 1830-களில் கண்டார். அவர் தேடியது 'சராசரி மனிதன்' எவன் என்பதைத்தான். உடல் பருமன் அவரது ஆய்வுப் பொருளே அல்ல. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்துக்கொண்டு, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் அதே கணக்குக்கு 1972-இல் அமெரிக்க உடலியல் அறிஞர் ஆன்சல் கீஸும் அவருடைய குழுவினரும் 'உடல் நிறை குறியீட்டெண்' என்று பெயரிட்டனர். பி.எம்.ஐ. என்று நாம் இன்று சொல்வது இதுவே.

இலட்சிய எடை அட்டவணையின் பிறப்பிடம் காப்பீட்டுத் துறை. எந்த எடை உடையவர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்பது ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களுக்கு லாப நட்டக் கணக்கு. அமெரிக்காவின் மெட்ரோபாலிடன் லைஃப் நிறுவனம் 1940-களின் தொடக்கத்தில் அட்டவணைகளை வெளியிட்டது. 1959-இலும் 1983-இலும் அவற்றைத் திருத்தியது. உயரம் ஒவ்வொன்றுக்கும் ஒல்லியான உடல்வாகு, நடுத்தர உடல்வாகு, அகன்ற உடல்வாகு என மூன்று பத்திகள் அதில் இருந்தன. 'உங்கள் உடல்வாகுக்கேற்ற எடை' என்ற சொற்றொடர் உலகெங்கும் பரவியது இந்த அட்டவணைகள் வழியாகத்தான்.

ஆனால், தம்முடைய உடல்வாகு எது என்று ஒருவர் எப்படித் தெரிந்துகொள்வது? 1959-ஆம் ஆண்டு அட்டவணை அதற்கு வழி எதுவும் சொல்லவில்லை. அவரவர் மதிப்பீட்டுக்கே அது விடப்பட்டது. கனமானவர்கள் தம்மை அகன்ற உடல்வாகு கொண்டவர்களாகக் கருதிக்கொள்வது இயல்புதானே! 1983-இல் முழங்கை எலும்பின் அகலத்தை அளக்கும் முறை சேர்க்கப்பட்டது. அப்போதும், மக்களில் பாதிப்பேர் நடுத்தரப் பிரிவிலும், மீதிப் பேர் மற்ற இரு பிரிவுகளிலும் அமையுமாறு எல்லைகள் வகுக்கப்பட்டன. அதாவது, உடல்வாகுப் பிரிவு என்பது இயற்கை போட்ட கோடு அன்று. புள்ளியியலாளர் போட்ட கோடு. அந்த எடைக் கணக்கில் உடுத்தியிருந்த ஆடையின் எடையும், உயரக் கணக்கில் காலணியின் குதி உயரமும் சேர்ந்திருந்தன என்பது பலருக்குத் தெரியாது. காப்பீடு எடுக்கும் வசதி படைத்த அமெரிக்கர்களின் தரவு அது என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

பொருளாதாரம் பயில்வோருக்கு முதலில் சொல்லப்படும் எச்சரிக்கை ஒன்று உண்டு: ஒரு நாட்டின் தனிநபர் சராசரி வருமானத்தைக் கொண்டு ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் வறுமையை அறிய முடியாது. எடைக் குறியீடும் அப்படியே. லட்சம் பேரின் உடல்நிலையை மதிப்பிட அது சிறந்த கருவி. ஒரு தனிமனிதருக்கு அது தொடக்கப் புள்ளி மட்டுமே.

அப்படியானால் உடல்வாகு என்பது வெறும் சாக்குதானா? இல்லை. அதை ஓரளவு அளக்கவும் முடியும். உயரத்தை, மணிக்கட்டின் சுற்றளவால் வகுக்கும் எளிய முறை ஒன்று உள்ளது. ஆண்களுக்கு விடை 10.4-க்கு மேல் இருந்தால் ஒல்லியான எலும்புக் கட்டு, 9.6-க்குக் கீழ் இருந்தால் அகன்ற எலும்புக் கட்டு, இடைப்பட்டது நடுத்தரம். 165 செ.மீ. உயரமுள்ள ஆணின் மணிக்கட்டு 16 செ.மீ. என்றால் விடை 10.3, அவர் நடுத்தர உடல்வாகு கொண்டவர். பெண்களுக்கு ஏறத்தாழ 11-க்கு மேல் ஒல்லி என்றும், 10.1-க்குக் கீழ் அகன்றது என்றும் கொள்வார்கள்.

ஆனால், உடல்வாகு அனுமதிக்கும் சலுகை நாம் நினைப்பதைவிடச் சிறியது. சராசரி எடையுள்ள ஒருவரின் எலும்புகள் அனைத்தும் சேர்ந்து மொத்த எடையில் ஏறத்தாழ 15 விழுக்காடுதான். 60 கிலோ எடை கொண்டவருக்கு ஒன்பது கிலோ அளவில் இருக்கும். ஒரே உயரமுள்ள இருவரிடையே எலும்பால் மட்டும் ஏற்படக்கூடிய வேறுபாடு சில கிலோதான். அகன்ற எலும்பின் மீது தசையும் சற்றுக் கூடுதலாக அமையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். இருபது கிலோ மிகை எடைக்கு எலும்பின் மீது பழி போட முடியாது.

இந்தியர்களாகிய நமக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. உலக அளவில் பி.எம்.ஐ. 25-க்கு மேல் மிகை எடை, 30-க்கு மேல் உடல் பருமன். ஆசிய மக்களுக்கு 23-லிருந்தே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004-இல் சுட்டிக்காட்டியது. இந்திய மருத்துவ வல்லுநர்கள் 23-ஐ மிகை எடையின் தொடக்கமாகவும், 25-ஐ உடல் பருமனின் தொடக்கமாகவும் 2009-இல் வரையறுத்தனர்.

இதற்கான காரணத்தை ஒரு புகைப்படம் விளக்கியது. புணேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக், பிரிட்டன் மருத்துவர் யுட்கின் ஆகிய இருவரும் அருகருகே நிற்கும் அந்தப் படம் 2004-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. இருவரின் பி.எம்.ஐ.யும் ஒன்றே: 22.3. ஆனால், பிரிட்டன்காரரின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, இந்தியரின் உடலில் 21.2 விழுக்காடு. மெலிந்த தோற்றத்துக்குள் கொழுப்பு ஒளிந்திருக்கும் இந்த உடலமைப்பு நம்மில் பலருக்கும் உரியது. கை கால்கள் குச்சியாக இருக்க, வயிறு மட்டும் முன்னே தள்ளியிருப்பவர்களை நம் தெருவிலேயே பார்க்கலாம். அவர்களது எடை அட்டவணைக்குள் அடங்கிவிடும். ஆபத்து அட்டவணைக்கு வெளியே நிற்கும்.

ஆகவே, எடை பார்க்கும் கருவியுடன் தையல்காரரின் அளவு நாடாவும் வீட்டில் இருக்க வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சை வெளியே விட்ட நிலையில் அளக்க வேண்டும். தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எச்சரிக்கை எல்லை. இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்பது நினைவில் வைக்க எளிதான மற்றொரு விதி. உடல் பருமனை பி.எம்.ஐ.யை மட்டும் கொண்டு தீர்மானிக்கக் கூடாது என்று 2025 ஜனவரியில் வெளியான பன்னாட்டு மருத்துவ வல்லுநர் குழுவின் அறிக்கையும் வலியுறுத்தியது.

இனி, எட்டக்கூடிய இலக்கு எது என்ற கேள்விக்கு வருவோம். அமெரிக்காவில் 1997-இல் வெளியான ஓர் ஆய்வில், உடல் பருமன் கொண்ட 60 பெண்களிடம் எவ்வளவு எடை குறைய வேண்டும் என்று கேட்கப்பட்டது. சராசரியாக, தம் எடையில் 32 விழுக்காட்டைக் குறைக்க அவர்கள் விரும்பினர். 17 கிலோ குறைந்தால் அது 'ஏமாற்றம்' என்றனர். 48 வார சிகிச்சைக்குப் பிறகு சராசரியாக 16 கிலோ குறைந்தது. மருத்துவ நோக்கில் இது பெரும் வெற்றி. ஆனால், அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர், தாங்களே ஏமாற்றம் என்று வரையறுத்த எடையைக்கூட எட்டவில்லை. உடல் பெற்ற நன்மையை அவர்கள் வகுத்த இலக்கு தோல்வியாக மாற்றிவிட்டது.

உடலும் பெரிய குறைப்பை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. எடை குறையக் குறைய, உடல் செலவிடும் ஆற்றல் குறைகிறது, பசி கூடுகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடைக் குறைப்புப் போட்டி ஒன்றில் பங்கேற்ற 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தபோது, இழந்த எடையின் பெரும்பகுதி திரும்பியிருந்தது. ஓய்வுநிலையில் அவர்களது உடல் செலவிட்ட ஆற்றல், எதிர்பார்க்கப்பட்டதைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாக இருந்தது. 2016-இல் வெளியான இந்த ஆய்வு, மன உறுதியின்மையே எல்லாவற்றுக்கும் காரணம் என்ற எளிய தீர்ப்பைத் தகர்த்தது.

மறுபுறம், சிறிய குறைப்பின் பலன் வியப்பூட்டுகிறது. நீரிழிவின் விளிம்பில் இருந்த 3,234 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2002-இல் வெளியானது. அதில் வாழ்க்கைமுறைப் பிரிவினருக்கு வகுக்கப்பட்ட இலக்கு 7 விழுக்காடு எடைக் குறைப்பும், வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும். சராசரியாகக் குறைந்தது 5.6 கிலோ மட்டுமே. ஆனால், நீரிழிவு வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது. சென்னையை மையமாகக் கொண்டு மருத்துவர் ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரிடம் நடத்தி, 2006-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. உணவு மாற்றமும் நடைப்பயிற்சியும் நீரிழிவு வாய்ப்பை 28.5 விழுக்காடு குறைத்தன. இத்தனைக்கும் அவர்களது சராசரி எடை குறையவே இல்லை. எடைக்கருவி காட்டாத பலனும் உண்டு என்பதற்கு நம் மண்ணிலேயே கிடைத்த சான்று இது.

இவற்றை வைத்து ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 50 வயதான ஒருவர் 165 செ.மீ. உயரம், 78 கிலோ எடை என்று கொள்வோம். பி.எம்.ஐ. 28.7. நம் நாட்டு அளவுகோலின்படி (18.5 முதல் 23 வரை) அவரது எடை 50 கிலோவுக்கும் 62.5 கிலோவுக்கும் இடையே இருக்க வேண்டும். இந்தப் பன்னிரண்டு கிலோ இடைவெளியில்தான் உடல்வாகு வந்து அமர்கிறது. ஒல்லியான எலும்புக் கட்டு உடையவருக்குக் கீழ்ப்பாதியும், அகன்ற எலும்புக் கட்டு உடையவருக்கு மேல் எல்லையும் பொருந்தும். இது திசைகாட்டி, இந்த ஆண்டின் இலக்கு அன்று.

அவரது முதல் இலக்கு, இப்போதைய எடையில் 5 முதல் 7 விழுக்காடு. அதாவது 4 முதல் 5.5 கிலோ. ஆறு மாதங்களில் 73 அல்லது 74 கிலோவை எட்டினால் போதும். அடுத்த ஆறு மாதங்கள் அந்த எடையைக் காப்பதே இலக்கு. அது கைகூடினால் மேலும் 5 விழுக்காடு. இருபத்தைந்து வயதுக்குப் பிறகு, நோயின்றி, பட்டினியின்றி, இயல்பாக ஓராண்டேனும் தக்கவைத்த மிகக் குறைந்த எடை எது என்பதையும் அவர் நினைவுபடுத்திப் பார்க்க வேண்டும். அந்த எடைக்குக் கீழே செல்லத் திட்டமிடுவது பெரும்பாலும் பேராசையாகவே முடியும். 70 கிலோவில், இடுப்பு நான்கைந்து செ.மீ. குறைந்து, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் நின்றுவிட்டால், அவர் அங்கேயே நின்றுவிடலாம். அட்டவணைக்கு இன்னும் ஏழெட்டு கிலோ பாக்கி இருக்கிறதே என்று அவர் வருந்தத் தேவையில்லை.

சில எச்சரிக்கைகளும் தேவை. அறுபதைக் கடந்தவர்கள் வேகமாக எடை குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். தடுமாறி விழும் ஆபத்து கூடும். அவர்களுக்குப் போதிய புரதமும், தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் எடைக் குறைப்பைவிட முக்கியம். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்போர் மருத்துவரைக் கேட்காமல் உணவைக் குறைக்கக் கூடாது. முயலாமலேயே எடை குறைந்தால் மகிழ வேண்டாம். அது நோயின் அறிகுறியாக இருக்கலாம். கர்ப்பிணிகளுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் இந்தக் கணக்குகள் எதுவும் பொருந்தா. எடை குறைக்கும் வாராந்திர ஊசிகள் 2025-இல் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. அவற்றை நிறுத்தினால் எடை திரும்பும் என்பதையும் அறிந்தே முடிவெடுக்க வேண்டும்.

ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் மிகை எடை அல்லது உடல் பருமன் உடையவர்கள். இத்தனை பேரையும் அட்டவணைக்குள் கொண்டுவருவது நடவாத காரியம். ஒவ்வொருவரும் நான்கைந்து கிலோவைக் குறைத்துக் காப்பது நடக்கக்கூடியது. அதற்குப் பாதுகாப்பான நடைபாதைகளும், ஆரம்ப சுகாதார நிலையங்களில் எடையோடு இடுப்பையும் அளக்கும் வழக்கமும் வேண்டும். 'குண்டு' என்று பெயர் சூட்டிக் கேலி செய்யும் வழக்கத்தை வீடுகளும் பள்ளிகளும் விட்டொழிக்க வேண்டும். கேலிக்கு அஞ்சி நடக்கப் போகாதவர்கள் உண்டு. கேலியால் மெலிந்து நலம் பெற்றவர்கள் அரிது.

தம் இலக்கைத் தேர்வு செய்பவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த எடையைப் பத்து ஆண்டுகள், பண்டிகையும் விருந்தும் வேலைப்பளுவும் இருக்கும் என் வாழ்க்கையில், என்னால் காக்க முடியுமா? 'ஆம்' என்று தயக்கமின்றிச் சொல்ல முடிகிற எண்ணே அவரது உடலுக்கு ஏற்ற இலக்கு.