நீரின் பெயரைத் தாங்கி நிற்கும் திருச்சுழி

அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே புறப்படும் பஸ் ஊர் எல்லையைத் தாண்டியதும், நெசவுத் தறிகளின் சத்தம் ஓய்ந்து விடுகிறது. அப்புறம் இரண்டு பக்கமும் கரிசல் காடுதான். மழை பெய்த ஆண்டில் பருத்தியும் கம்பும் சோளமும் மிளகாயும் அங்கே நிற்கும். மழை பொய்த்த ஆண்டில் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிவது சீமைக் கருவேல மரம் ஒன்றுதான். இந்த வழியில் சுமார் 15 கிலோமீட்டர் போனால் திருச்சுழி வந்து விடும்.

சுழி என்றால் நீர்ச்சுழி. ஒரு குடம் தண்ணீருக்குக் காத்து நின்று பழகிய சீமையில், ஓர் ஊருக்கு நீர்ச்சுழி என்று பெயர்! இது எப்படி வந்தது?

பூமி விழுங்கிய வெள்ளம்

ஸ்தல புராணம் ஒரு கதை சொல்கிறது. முன்னொரு யுகத்தில் பிரளயம் வந்தது. உலகமெல்லாம் வெள்ளக் காடானது. அப்போது சிவபெருமான் தம் சூலத்தைப் பூமியில் குத்தினார். குத்திய இடத்தில் பள்ளம் விழுந்தது. வெள்ளம் முழுவதும் அந்தப் பள்ளத்தில் சுழித்துச் சுழித்து உள்ளே இறங்கி விட்டது. பூமி பிழைத்தது. அந்த இடமே திருச்சுழியல். பூமியைக் காத்தவர் ஆகையால் சுவாமிக்குப் பூமிநாதர் என்று பெயர். திருமேனிநாதர் என்றும் அழைப்பார்கள். அம்பாளின் பெயர் துணைமாலை அம்மை.

கதை புராணம்தான். ஆனால், எங்கும் தண்ணீராக இருந்ததை நிலத்துக்குள் வாங்கி வைத்த ஊர் என்று இந்த வறண்ட பூமியின் மக்கள் தங்கள் ஊருக்குப் பெயர் வைத்தார்களே, அதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சுந்தரர் கண்ட கனவு

பாண்டிய நாட்டில் தேவாரம் பாடப்பெற்ற தலங்கள் 14. மதுரை, இராமேசுவரம், குற்றாலம், திருநெல்வேலி ஆகிய பெரிய ஊர்கள் இருக்கும் அந்த வரிசையில் சின்ன ஊரான திருச்சுழியும் இருக்கிறது. இத்தலத்தைப் பாடியவர் சுந்தரமூர்த்தி நாயனார்.

அவர் தம் நண்பர் சேரமான் பெருமாளுடன் பாண்டிய நாட்டு யாத்திரை வந்தபோது இங்கே தங்கினார் என்று பெரிய புராணம் கூறுகிறது. அன்று இரவு அவர் கனவில் ஓர் இளைஞர் தோன்றினார். கையில் பொற்செண்டு, தலையில் சுழியம் என்ற அணி. “யாம் இருப்பது கானப்பேர்” என்று சொல்லி விட்டு மறைந்தார். சுந்தரர் விழித்து எழுந்து, கானப்பேருக்குப் புறப்பட்டார். அந்தக் கானப்பேர்தான் சிவகங்கைக்குக் கிழக்கே உள்ள இன்றைய காளையார்கோயில்.

ஆற்றுக்கு அக்கரையில்

ஊரை ஒட்டி ஓடுவது குண்டாறு. கௌண்டின்ய நதி என்பது அதன் வடமொழிப் பெயர். ஆற்றைக் கடந்து அக்கரை போனால் பள்ளிமடம் என்ற சிற்றூர். அங்கேயும் ஒரு பழைய சிவன் கோயில் உண்டு.

அந்தக் கோயில் கல்வெட்டுகள் “சோழன் தலைகொண்ட” என்ற பட்டம் பூண்ட வீரபாண்டியன் காலத்தைச் சேர்ந்தவை. அவன் பத்தாம் நூற்றாண்டில் ஆண்ட பாண்டிய மன்னன். கல்வெட்டில் கோயிலுக்குப் “பள்ளிப்படை சுந்தரபாண்டிய ஈசுவரம்” என்று பெயர். பள்ளிப்படை என்றால், அரச குலத்தில் பிறந்தவர் இறந்த பின் அவர் நினைவாக எழுப்பிய கோயில். ஆக, சுந்தரபாண்டியன் என்ற ஓர் அரச குலத்தானின் நினைவு அந்த ஆற்றங்கரையில் ஆயிரம் ஆண்டுகளாக உறங்குகிறது.

இக்கரையில் பூமியைக் காத்த சாமி. அக்கரையில் மாண்டவனுக்கு எடுத்த கோயில். நடுவே ஆறு.

வக்கீல் வீடு

இன்று வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது கோயிலுக்கு அருகே உள்ள ஒரு வீட்டைத்தான். அதன் பெயர் சுந்தர மந்திரம். ரமண மகரிஷி பிறந்த வீடு அது.

வீட்டுக்காரர் சுந்தரம் ஐயர். சிறு வயதில் மாதம் 2 ரூபாய் சம்பளத்தில் கிராமக் கணக்கரிடம் எழுத்து வேலைக்குச் சேர்ந்தவர். பிறகு மனு எழுதிக் கொடுத்தார். அப்புறம் திருச்சுழிக் கோர்ட்டில் வழக்காடும் வக்கீலாக உயர்ந்தார். ஊருக்குப் புதிதாக வந்து திகைத்து நிற்கும் யாருக்கும் அவர் வீட்டில் இலை போடப்படும். வீட்டின் ஒரு பகுதியே விருந்தாளிகளுக்கென்று இருந்தது.

1879ஆம் ஆண்டு மார்கழி மாதம், ஆருத்திரா தரிசனம். நடராஜப் பெருமான் வீதி உலா முடித்து, நள்ளிரவுக்குப் பின் கோயிலுக்குத் திரும்பிக் கொண்டிருந்தார். அந்த வேளையில் சுந்தரம் ஐயருக்கும் அழகம்மாளுக்கும் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஆங்கிலக் கணக்குப்படி அது டிசம்பர் 30. குழந்தைக்கு வேங்கடராமன் என்று பெயர் வைத்தார்கள்.

அம்பாளுக்குப் பின்னால்

மகரிஷி என்றதும் பிறந்தது முதலே கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார் என்று எண்ண வேண்டாம். வேங்கடராமன் மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் ஓடி ஆடினான். ஒரு நாள் சிறுவர்கள் சேர்ந்து, அப்பாவின் பழைய கோர்ட்டுக் கட்டுகளைப் பிரித்துக் காகிதக் கப்பல் விட்டு விட்டார்கள்! அப்பாவுக்கு வந்தது கோபம். திட்டி விட்டார்.

சாப்பாட்டு நேரம் ஆயிற்று, பையனைக் காணோம். வீடு தேடினார்கள்; தெரு தேடினார்கள். கடைசியில் பூமிநாதர் கோயிலில், அம்பாள் சந்நிதியில், சிலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தானாம். துணைமாலை என்று பெயர் கொண்ட தாயிடம்தான் துணை தேடிப் போயிருக்கிறான்!

படியில் வைத்த அடையாளம்

கோயிலருகே உள்ள தீர்த்தக் குளத்தைப் பற்றி மகரிஷியே பிற்காலத்தில் பக்தர்களிடம் சொல்லியிருக்கிறார். மாசி மாதப் பௌர்ணமிக்குப் பத்து நாள் முன்பிருந்து குளத்தில் நீர் நாளுக்கு நாள் ஏறுமாம். பௌர்ணமி கழிந்ததும் அதே போல நாளுக்கு நாள் இறங்குமாம். இன்று எத்தனை படி ஏறியிருக்கிறது என்று சிறுவர்கள் படிக்கட்டில் அடையாளம் வைத்துப் பார்ப்பார்களாம். அந்த நீரில் குளித்தால் கையிலுள்ள வெள்ளிக் காப்பு கறுத்து விடுமாம். நீரில் கந்தகம் இருந்தால் அப்படி ஆவது உண்டு.

தண்ணீர் ஏறுவதே ஒரு திருவிழா! குழந்தைகள் கூட நீரைப் படி கணக்கில் அளந்து மகிழ்ந்த ஊர் இது.

போனவர் திரும்பவில்லை

1892இல் சுந்தரம் ஐயர் காலமானார். குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. வேங்கடராமன் மதுரையில் சித்தப்பா வீட்டுக்குப் போய்ப் படித்தான். 1895ஆம் ஆண்டு நவம்பரில், திருச்சுழியில் பழகிய ஓர் உறவினரை மதுரையில் சந்தித்தான். “எங்கிருந்து வருகிறீர்கள்?” என்று கேட்டான். “அருணாசலத்திலிருந்து” என்றார் பெரியவர். அந்த ஒரு சொல் அவன் நெஞ்சில் தைத்து விட்டது.

1896ஆம் ஆண்டு ஆகஸ்டு 29 அன்று யாரிடமும் சொல்லாமல் மதுரையை விட்டுக் கிளம்பினான். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை சேர்ந்தான். அதன்பின் 1950 ஏப்ரல் 14 அன்று மறையும் வரை, அந்த மலையை விட்டு அவர் வேறெங்கும் போகவில்லை. அழைத்துப் போக வந்த தாயாருடனும் திரும்பவில்லை. முடிவில் தாயார்தான் மகனிடம் போய்ச் சேர்ந்தார்.

ஆனால் ஊரை அவர் மறக்கவில்லை. அவர் பாடிய அருணாசல நவமணிமாலையில் பூமிநாதர் ஊரும், தந்தை சுந்தரத்தின் பெயரும், தாய் அழகின் பெயரும் இடம் பெற்றுள்ளன.

மணல் ஆறு

இப்போது மறுபடியும் ஆற்றங்கரைக்கு வருவோம். குண்டாறு மேற்கு மலைச் சரிவில் தோன்றி, திருமங்கலம், திருச்சுழி, கமுதி வழியாகப் போய்க் கடலில் கலக்கிறது. ஆண்டின் பெரும் பகுதியில் அது மணல் ஆறுதான். வடகிழக்குப் பருவமழை பலமாகப் பிடித்தால் மட்டும் வெள்ளம் வரும். வந்த வெள்ளம் சில நாட்களில் வடிந்து போகும்.

அந்தச் சில நாள் நீரைப் பிடித்து வைக்கத்தான் முன்னோர் ஊர்தோறும் கண்மாய் வெட்டினார்கள். மேல் கண்மாய் நிறைந்தால் உபரி நீர் கலுங்கு வழியாகக் கீழ்க் கண்மாய்க்குப் போகும். குடிக்க ஊருணி, பயிருக்குக் கண்மாய். கரை உடைந்தாலும் மடை தூர்ந்தாலும், ஊரே மண்வெட்டி எடுத்துச் செப்பனிடும். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். 2017இல் தமிழக அரசு அதே பெயரில் கண்மாய்களைச் சீர்ப்படுத்தும் திட்டத்தைத் தொடங்கியது.

இன்னும் பெரிய எண்ணம் ஒன்றும் உண்டு. கரூர் மாவட்டம் மாயனூர்க் கதவணையிலிருந்து சுமார் 262 கிலோமீட்டர் நீளக் கால்வாய் வெட்டி, காவிரியின் வெள்ள நீரை வைகைக்கும் குண்டாற்றுக்கும் கொண்டு வரும் திட்டம் அது. 2021 பிப்ரவரி 21 அன்று அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

காவிரி வரட்டும், நல்லதுதான். ஆனால் வருகிற நீர் தங்குவதற்குக் கண்மாய் இருக்க வேண்டும். மண் மேடிட்டு, சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும் கண்மாயில் காவிரி வந்தாலும் நிற்காது. கார் மழை வந்தாலும் நிற்காது. கண்மாய் போனால் காடு போகும். காடு போனால் பிள்ளைகள் பிழைப்புக்கு வெளியூர் போவார்கள். வேங்கடராமன் மலையைத் தேடிப் போனான், அது வேறு. தண்ணீர் இல்லாமல் ஊரை விட்டுப் போவது வேறு.

பார்க்கப் போகிறவர்களுக்கு

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை சுமார் 50 கிலோமீட்டர். அங்கிருந்து திருச்சுழிக்குப் பஸ் உண்டு. விருதுநகர் - மானாமதுரை ரயில் பாதையிலும் திருச்சுழி ஸ்டேஷன் இருக்கிறது. முன்பு இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 1985இல் மாவட்டம் பிரிந்தது முதல் இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது.

கோயிலைப் பாருங்கள். வக்கீல் வீட்டைப் பாருங்கள். பள்ளிமடத்துக் கல்வெட்டையும் பாருங்கள். குழந்தைகளை அழைத்துப் போனால், தீர்த்தக் குளத்தின் படிக்கட்டில் சற்று நேரம் உட்கார வையுங்கள். ஒரு காலத்தில் அவர்களைப் போன்ற சிறுவர்கள் நீர் ஏறும் அளவை அங்கே அடையாளம் வைத்தார்கள் என்று சொல்லுங்கள். ஊருக்குத் திரும்பியதும், உங்கள் ஊர்க் கண்மாயில் எத்தனை படி நீர் இருக்கிறது என்று அவர்களே கேட்பார்கள்!